குருசடை: ஆளில்லாத் தீவின் வரலாறு

ராமேஸ்வரம் போய் வராத குடும்பம் நம் குடியிருப்பில் அநேகமாக இருக்காது. போகிற வழியில் பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, ரயில் பாலத்தைப் படம் எடுத்துக்கொள்ளாதவர்களும் இருக்க மாட்டார்கள். அதே பாலத்திலிருந்து தெற்கே, மன்னார் வளைகுடாப் பக்கம் பார்த்தால் கடலில் தாழ்வாக ஒரு பச்சைக் கோடு தெரியும். அதுதான் குருசடைத் தீவு. அங்கே ஊர் கிடையாது, கடை கிடையாது, இரவில் தங்க இடம் கிடையாது. பரப்பளவு சுமார் 66 ஹெக்டேர், அதாவது 160 ஏக்கரைச் சற்றுத் தாண்டும்.

அந்தத் தீவுக்கு வனத்துறை இப்போது சுற்றுலாப் படகு விடுகிறது. நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் சிலர் அடுத்த ராமேஸ்வரம் பயணத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்கள். தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் வெறும் மணலும் மரமும் என்று பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிதான் பார்த்ததாக ஆகும். ஆளில்லாத அந்த இடத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போவதற்காகவே இந்தக் கட்டுரை.

இருப்பிடம்

ராமேஸ்வரம் பக்கம் தொடங்கித் தூத்துக்குடி வரை கரையோரமாகச் சின்னச் சின்னத் தீவுகள் வரிசையாக இருக்கின்றன. ஏட்டுக் கணக்கில் இவை 21. மண்டபம் குழு, கீழக்கரை குழு, வேம்பார் குழு, தூத்துக்குடி குழு என்று நான்காகப் பிரிப்பார்கள். மண்டபம் குழுவில் ஏழு தீவுகள். அவற்றில் ஒன்று குருசடை. முயல் தீவு, மனோலித் தீவு, புள்ளிவாசல் தீவு, பூமரிச்சான் தீவு ஆகியவை அதன் அக்கம்பக்கத்தார்.

இவை எல்லாமே பவளப்பாறைகளோடு சேர்ந்து உருவான தீவுகள். பவளம் என்றதும் மோதிரத்தில் பதிக்கும் சிவப்புக் கல்லை நினைக்க வேண்டாம். பவளப்பாறை என்பது கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் தங்களைச் சுற்றிச் சுண்ணாம்பால் கட்டிக்கொண்ட கூடுகளின் தொகுப்பு. ஒரு தலைமுறை கட்டியதன்மேல் அடுத்த தலைமுறை கட்டும். இப்படி ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரோ சில சென்டிமீட்டரோதான் வளரும். அந்தப் பாறையை அலை உடைத்து அரைத்துக் குவித்த மணலும் கல்லும்தான் தீவின் தரை. தீவைச் சுற்றியுள்ள பாறை அலையின் வேகத்தைத் தாங்குவதால்தான் அந்த மணல் அங்கே நிற்கிறது. பாறை போனால் தீவும் போகும். இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிதாகப் புரியும்.

மன்னார் வளைகுடாவில் 117 வகைப் பவளங்கள் பதிவாகியிருக்கின்றன. பாறைகளுக்கு இடையே கடற்புல் படுகைகள். அந்தப் புல்லைத் தின்று வாழும் பெரிய பாலூட்டி கடல் பசு. அந்தப் பகுதி மீனவர்கள் அதை ஆவுளியா என்று சொல்வார்கள். கடல் ஆமை, கடல் குதிரை, கடல் அட்டை, சங்கு, சிப்பி என்று பட்டியல் நீளும். கரையில் கண்டல் மரங்கள். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் உள்ளான் வகைப் பறவைகள் சேற்றுத் திட்டுகளில் இறங்கி மேயும்.

முத்து, சங்கு, பிறகு ரயில்

இந்தக் கடல் நமக்குப் புதிதில்லை. கொற்கை முத்து உலகப் புகழ் பெற்றது இந்தக் கடலால்தான். முத்துச் சிப்பி விளையும் திட்டுகளைப் 'பார்' என்று சொல்வார்கள். பார் நன்றாக விளைந்த ஆண்டுகளில் மட்டும் முத்துக் குளிப்பு நடக்கும். இல்லாத ஆண்டுகளில் நடக்காது. தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்த ஆண்டு 1961.

ஆங்கிலேய அரசுக்கும் முதலில் இந்தக் கடலில் கண்ணில் பட்டது வருமானம்தான். முத்து எவ்வளவு, சங்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கப் போனவர்கள், போன இடத்தில் மற்ற உயிர்களையும் பார்த்து வியந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1890-ல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குத் தொழில்களையும் கடல் உயிர்களையும் பற்றி ஒரு குறிப்பு நூல் வெளியிட்டார். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் எழுதியவர் என்றுதான் நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். கடலைப் பற்றி எழுதியது அதற்கு முந்தைய வேலை. அவருக்குப் பின் மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், சங்கைப் பற்றி மட்டுமே 1914-ல் தனி நூல் எழுதினார்.

அதே 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. சென்னை எழும்பூரில் ஏறினால் மண்டபம், பாம்பன் வழியாகத் தனுஷ்கோடி வரை போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போகலாம் என்ற நிலை வந்தது. போட் மெயில் என்ற பெயர் நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் கேட்டிருப்பீர்கள். இலங்கை போகிறவர்களுக்காகப் போட்ட தண்டவாளம், ஆராய்ச்சிக்காரர்களுக்கும் வழி திறந்துவிட்டது. சென்னையிலிருந்து ரயில், பாம்பனிலிருந்து சிறிது தூரம் படகு. இவ்வளவு சுலபமாகப் போய்ச் சேரக்கூடிய பவளத் தீவு இந்தியாவின் மற்றக் கரைகளில் அன்று வேறு எங்கே இருந்தது? லட்சத்தீவுக்கோ அந்தமானுக்கோ கப்பலில் நாட்கணக்கில் போக வேண்டும்.

சென்னை மாகாண மீன்வளத் துறை குருசடையில் ஓர் ஆய்வு நிலையத்தை நடத்தியது. முத்துச் சிப்பி வளர்க்கும் பண்ணை ஒன்றையும் அங்கே நடத்திப் பார்த்தார்கள். முழு உருண்டை முத்தை வளர்ப்பு முறையில் இந்தியாவில் எடுக்க முடிந்தது 1973-ல்தான். அதைச் செய்தவர்கள் தூத்துக்குடியில் இருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார்.

1927-ஆம் ஆண்டின் நூல்

குருசடையின் பெயரை வெளியுலகம் அறியச் செய்தது ஒரு புத்தகம். 1927-ல் சென்னை அரசு அருங்காட்சியகம், கண்காணிப்பாளர் எஃப். எச். கிரேவ்லி தலைமையில், குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றி ஒரு வெளியீட்டைக் கொண்டுவந்தது. கடற்பஞ்சு, பவளம், புழு, நண்டு, சிப்பி, நட்சத்திர மீன் என்று வகைவகையாக, அந்தந்தத் துறை அறிந்தவர்கள் எழுதிய தொகுப்பு அது. தீவின் பாசிகளைப் பற்றிய பகுதியை எழுதியவர் எம். ஓ. பி. அய்யங்கார். இந்தியப் பாசியியலின் தந்தை என்று பின்னாளில் போற்றப்பட்டவர் இவர்தான். சென்னையில் இவர் பெயரிலேயே பெண்கள் கல்லூரி ஒன்று இருப்பது நம் குடியிருப்பில் பெண் பிள்ளைகளைப் படிக்கவைத்த பலருக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு சின்னத் தீவின் உயிர்களுக்கென்று இவ்வளவு விரிவான கையேடு வந்ததும் அது கல்லூரிகளுக்குப் பாடப்புத்தகம் போல ஆகிவிட்டது. விலங்கியல் மாணவர்கள் பல மாநிலங்களிலிருந்தும் ரயிலேறி வந்தார்கள். ஓதம் வடிந்திருக்கும் நேரம் பார்த்து, முழங்கால் அளவு தண்ணீரில் கையில் வாளியோடும் சல்லடையோடும் நடந்து, உயிர்களைப் பொறுக்கி, பெயர் எழுதி, பாட்டிலில் போட்டுக் கொண்டுபோனார்கள். இன்று எழுபது, எண்பது வயதாகும் விலங்கியல் ஆசிரியர் யாரையாவது கேட்டுப்பாருங்கள், குருசடை என்ற பெயரைச் சொன்னதும் முகம் மலரும்.

அவர்கள் தேடிப் போனவற்றுள் முதலிடம் ஒரு புழுவுக்கு. பலனோகிளாசஸ் என்று வகுப்பில் சொல்வார்கள். குருசடையில் கிடைப்பது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த டைக்கோடெரா ஃபிளாவா. மணலுக்குள் வளை தோண்டி வாழும். தொட்டால் கொழகொழப்பு, முகர்ந்தால் அந்தக் காலத்து ஆஸ்பத்திரி அயோடோஃபார்ம் வாசனை. இதில் என்ன பெருமை என்று தோன்றும். இதன் உடம்பில் மீனுக்கு இருப்பதுபோல் செவுள் துளைகள் இருக்கின்றன. புழு போன்ற உருவம், ஆனால் முதுகெலும்புள்ள பிராணிகளின் ஓர் அடையாளம். முதுகெலும்பில்லாதவற்றுக்கும் நமக்கும் எப்போதோ இருந்த தூரத்து உறவுக்கு இது ஒரு சாட்சி. பரிணாமப் பாடத்தில் படத்தில் மட்டும் பார்த்ததை மாணவர்கள் குருசடை மணலில் கையில் எடுத்துப் பார்த்தார்கள்.

நாடு விடுதலை பெற்ற 1947-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1949-ல் அதன் தலைமையிடம் மண்டபம் முகாமுக்கு வந்தது. முன்பு இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தமிழ்த் தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்துச் சோதித்து அனுப்பிய முகாம் அதுதான். எத்தனையோ குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு காத்துக் கிடந்த இடத்தில் கடலாராய்ச்சி வளர்ந்தது. 1971-ல் தலைமையிடம் கொச்சிக்கு மாறினாலும் மண்டபத்தில் அந்த நிலையம் இன்றும் இருக்கிறது.

சுண்ணாம்பான பவளம்

மாணவர்கள் பாட்டிலில் எடுத்துப் போனது ஒரு பக்கம். வள்ளங்களில் ஏறிப் போனது அதைவிடப் பல மடங்கு. இந்தக் கரையில் பவளக்கல் பழைய காலத்திலிருந்தே கட்டடக் கல்தான். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரை அடுத்த முறை அருகில் போய்ப் பாருங்கள். அதில் பவளக்கல் அப்படியே தெரியும். சுட்டால் நல்ல சுண்ணாம்பு கிடைக்கும். சொந்த வீட்டுக்குத் தேவையான அளவு எடுத்தவரை கடல் தாங்கிக்கொண்டது.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. சுண்ணாம்புக் காளவாய்களோடு சிமெண்டு, கார்பைடு போன்ற தொழிற்சாலைகளும் பவளக்கல்லை மூலப்பொருளாகக் கேட்டன. கடப்பாரையால் பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றி, கரையில் குவித்து, எடைபோட்டு விற்றார்கள். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலுமாக ஆண்டுக்குச் சுமார் 25,000 டன் பவளம் வெட்டி எடுக்கப்பட்டது என்று எழுபதுகளின் தொடக்கத்தில் செய்யப்பட்ட மதிப்பீட்டைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்கிறார்கள்.

யாருக்கும் தெரியாமல் இது நடக்கவில்லை. இந்தியக் கடல் உயிரியல் சங்கம் 1969-ல் மண்டபத்திலேயே பவளப்பாறைகளைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தியது. அதன் கட்டுரைகள் 1972-ல் நூலாக வந்தன. பவளம் வெட்டுவதன் அளவும் அதனால் வரும் கேடும் அதில் அச்சில் ஏறிவிட்டன.

வணிகவியல் படித்த எனக்கு விலங்கியல் தெரியாது. ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கத் தெரியும். எச்சரிக்கை அச்சில் வந்தது 1972-ல். தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது 1986-ல். பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், புலிக்கும் யானைக்கும் சமமாகச் சேர்த்தது 2001-ல். எச்சரிக்கைக்கும் சட்டத்துக்கும் இடையே 29 ஆண்டுகள். தூத்துக்குடிப் பக்கம் வெட்டுவது அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் நடந்து, 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகுதான் ஓய்ந்தது.

இந்தத் தாமதத்தின் விலை இரண்டு தீவுகள். கீழக்கரைக் குழுவில் பூவரசன்பட்டி, தூத்துக்குடிக் குழுவில் விலங்குச்சல்லி. இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பாறையை வெட்டி எடுத்ததும் மணலை அலை கொண்டுபோனது. 21 தீவுகள் என்று நாம் இன்றும் சொல்வது பழைய பதிவேட்டின் எண்ணிக்கை. தண்ணீருக்கு மேலே இருப்பவை 19. தூத்துக்குடிப் பக்கத்தில் வான் தீவும் காரியாச்சல்லித் தீவும் வெகுவாகச் சுருங்கிவிட்டன. வான் தீவைக் காக்க அதைச் சுற்றிக் கடலடியில் செயற்கைப் பாறைகளை இறக்கி வைத்திருக்கிறார்கள். பவளம் சும்மா செய்து கொடுத்த வேலையை இப்போது காசு கொடுத்துக் கான்கிரீட்டால் செய்ய வேண்டியிருக்கிறது.

பூங்காவாக அறிவித்த பிறகு

1986 அறிவிப்பின்படி 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமற்ற கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா ஆனது. 1989-ல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தீவில் கால் வைக்கவும் தீவை ஒட்டி எதையும் எடுக்கவும் தடை வந்தது. மாணவர்கள் வாளியோடு இறங்கிய காலமும் முடிந்தது.

அந்தத் தடையால் பலன் இல்லை என்று சொல்ல முடியாது. கல் வெட்டுவது நின்ற இடங்களில் பவளம் மெல்ல மீண்டது. தீவுகள் இன்னும் அலையைத் தாங்கி நிற்கின்றன. ஆனால் அந்தச் செலவை யார் தலையில் எழுதினோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

குருசடைக்கு எதிரே பாம்பன் தீவின் முனையில் சின்னப்பாலம் என்ற மீனவ ஊர் இருக்கிறது. அங்கும் சுற்றுப்புறக் கடற்கரை ஊர்களிலும் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டைக்கோரை என்று அவர்களிடம் பெயர்கள் உண்டு. மரிக்கொழுந்தும் கஞ்சிப் பாசியும் அகர் அகர் செய்யப் போகும். ஐஸ்கிரீம், இனிப்பு, மருந்து, ஆய்வுக்கூடம் என்று அகர் போகாத இடமில்லை. நம் வீட்டுக் கடல்பாசி இனிப்பும் அதில்தான். அறுபதுகளிலிருந்து அகர் தொழில் இங்கே வளர்ந்ததும் இந்தப் பெண்களுக்கு அது கைக்காசு தந்த தொழில் ஆயிற்று. கண்ணில் ஒரு கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் கட்டிய பை. மூச்சை அடக்கி மூழ்கி, பாறை இடுக்கிலிருந்து பாசியைப் பறித்துக்கொண்டு மேலே வருவார்கள். சேலை கட்டிக்கொண்டே இதைச் செய்வார்கள்.

இவர்கள் பாசி எடுத்த இடங்கள் பெரும்பாலும் தீவுகளைச் சுற்றித்தான். பூங்கா வந்ததும் ஒரே நாளில் அது குற்றமாகிவிட்டது. பாட்டி காலத்திலிருந்து போன கடலுக்கு ஒளிந்து போக வேண்டியிருந்தது. பிடிபட்டால் அபராதம், படகு பறிமுதல். கடல் அட்டை எடுத்தவர்களுக்கும் 2001-ல் இதே நிலை வந்தது. எல்லா வகைக் கடல் அட்டையும் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எதிர்க்கரையில் இலங்கையில் உரிமம் வாங்கி எடுக்கலாம், இங்கே எடுத்தால் சிறை என்பது அவர்கள் இன்றும் சொல்லும் குறை.

பாசி எடுக்கும் பெண்கள் வெறுமனே முறையிட்டுக்கொண்டு இருக்கவில்லை என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. அவர்கள் கூடிப் பேசித் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் கடலுக்குப் போவது. பாசி மீண்டும் வளர வேண்டிய காலத்தில் 45 நாள் அடியோடு போகாமல் இருப்பது. பவளத்தைச் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது. சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி இந்தப் பெண்களின் தலைவிகளில் ஒருவர். தீவுகளின் சூழலைக் காப்போருக்கு அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தரும் பரிசு 2015-ல் அவருக்குக் கிடைத்தது. பரிசு வாங்க அவர் கலிஃபோர்னியா வரை போனார்.

தீவைக் காப்பதற்கு மனிதர்களை விலக்க வேண்டும் என்பது ஒரு வழி. அந்தக் கடலை நம்பிப் பிழைக்கிறவர்களே அதற்கு வரம்பு கட்டிக்கொள்வது இன்னொரு வழி. காளவாய்களுக்காகப் பாறையை டன் கணக்கில் பெயர்த்ததையும் கையால் பாசி பறித்ததையும் ஒரே தடையில் சேர்த்து எழுதியது நியாயமாக எனக்குப் படவில்லை. அதிகாரிகளை மட்டும் இதில் குற்றம் சொல்லவும் முடியாது. கல்லெடுப்பை எழுபதுகளிலேயே நிறுத்தியிருந்தால் இவ்வளவு கடுமையான தடை தேவைப்பட்டிருக்காது. தாமதமாக எழுந்து அவசரமாகக் கட்டினால் யாருடைய வாசலாவது அடைபடத்தான் செய்யும்.

வெளியூர்ப் பாசி

ஆளை விலக்கிவிட்டால் போதும், தீவு தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்பதும் முழு உண்மை இல்லை. பிலிப்பைன்ஸ் கடலைச் சேர்ந்த கப்பாஃபைகஸ் என்ற பாசியை இந்தக் கரையில் மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கும் தொழில் 2000-க்குப் பிறகு பரவியது. வேகமாக வளரும், நல்ல விலை போகும், பல குடும்பங்களுக்கு மாத வருமானம் தந்தது. ஆனால் வளர்ப்பிடத்திலிருந்து பிய்ந்த துண்டுகள் நீரோட்டத்தோடு போய்ச் சேர்ந்த இடங்களில் குருசடையும் ஒன்று. அங்கே பவளத்தின் மேல் அது போர்வைபோல் படர்ந்திருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அடியில் மாட்டிய பவளத்துக்கு வெளிச்சம் கிடைக்காது, சாக வேண்டியதுதான். அதன் பிறகு ஆட்களை வைத்துக் கையால் அகற்றும் வேலை பல முறை நடந்திருக்கிறது.

இன்னொரு எதிரி வெப்பம். கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் கோடைகளில் பவளம் தன்னுள் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப் போகும். நீர் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் அந்த வெள்ளை எலும்புக்கூடுதான் மிஞ்சும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இது பெரிய அளவில் நடந்தது. இந்தச் சூட்டுக்குச் சின்னப்பாலத்துப் பெண்கள் காரணமில்லை. வீட்டுக்கு இரண்டு ஏசி போட்டிருக்கும் நம்மைப் போன்றவர்கள்தான் அதிகம் பொறுப்பு.

நல்ல செய்தியும் உண்டு. வடக்கே பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல் பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022-ல் அறிவித்தது. இந்தியாவில் ஆவுளியாவுக்கென்று அமைந்த முதல் காப்பகம் அது. வலையில் மாட்டிய ஆவுளியாவை மீனவர்களே வலையை அறுத்துக் கடலில் விட்ட செய்திகள் இப்போது அவ்வப்போது வருகின்றன. ஒரு காலத்தில் கறிக்காகப் பிடித்த பிராணி அது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

படகு புறப்படும் இடம் குந்துகால். பாம்பனிலிருந்து பக்கம். 1897 ஜனவரி 26-ல் கொழும்பு வழியாகத் தாய்நாடு திரும்பிய விவேகானந்தரை மன்னர் பாஸ்கர சேதுபதி வரவேற்றதன் நினைவாக அங்கே மண்டபம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டே படகேறலாம்.

மன்னார் வளைகுடாப் பக்கம் கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பாக இருக்கும்; வாடைக் காற்றுக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும். பாம்பன்காரர்கள் இதைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் தொழிலுக்குப் போவது என்று தீர்மானிப்பார்கள். மழையும் புயலும் ஓய்ந்த ஜனவரி முதல் மார்ச் வரை நம் வயதுக்காரர்களுக்கு வசதி. காற்று பலமாக இருந்தால் படகு விட மாட்டார்கள். வாக்குவாதம் செய்ய வேண்டாம். கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை என்பதால் முந்தின நாளே வனத்துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

தொப்பி, தண்ணீர், அன்றாட மாத்திரைகள் அவசியம். படகில் ஏறி இறங்கும்போது கால் நனையும் என்பதால் ஈரமானாலும் வழுக்காத செருப்பு வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் ஒருவர் துணையோடு இறங்குவது நலம். உயிர் காக்கும் சட்டையைக் கொடுத்தால், வெயிலாக இருக்கிறது என்று கழற்றாமல் போட்டிருங்கள்.

மற்றவை நீங்களே அறிந்ததுதான். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டோ சிப்பியோ அழகாக இருக்கிறது என்று பூஜை அறைக்கு எடுத்து வரக் கூடாது. செத்த பவளத் துண்டுக்கும் சட்டம் ஒன்றுதான். அதற்கும் மேல் ஒரு காரணம் இருக்கிறது. அந்தத் துண்டுதான் நாளைய தீவின் மணல்.

பேரப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் குந்துகாலில் நிற்கும்போது எதிரே தீவையும் பக்கத்தில் சின்னப்பாலத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். நாம் சீட்டு வாங்கிக்கொண்டு இறங்கிப் பார்க்கிற தீவின் கடலில், அந்த ஊர்ப் பெண்கள் தலைமுறையாகப் பாசி எடுத்துப் பிழைத்தார்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் விட்டுக்கொடுத்ததும் சேர்ந்துதான் அந்தத் தீவு இன்று நமக்குப் பார்க்கக் கிடைக்கிறது. ஊர் திரும்பும் முன் நேரம் இருந்தால் பாம்பனில் ஒரு மீனவக் குடும்பம் நடத்தும் சிறிய கடையில் சாப்பிடுங்கள். கருவாடு, கடல்பாசி என்று வாங்குவதையும் அவர்களிடமே வாங்குங்கள்.